பத்தாம் காம்பராவுக்கு வந்தவர்கள்

“வேற என்ன?” என்று போனில் கேட்டான் யோகேஸ்வரன்.

“வேற ஒன்னும் இல்ல,” என்றாள் சுதர்ஷினி.

“அம்மா சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டாங்க. நீங்க?”

“சாப்பிட்டேன். அங்க மழையா?”

“மழைதான்.”

“வேற என்ன?”

“பத்தாம் காம்பராவுக்கு ஆள் வந்திருக்காங்க.”

அந்தக் கடைசிப் பேச்சு தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று சுதர்ஷினிக்கு இன்றுவரை தெரியாது. பொங்கலுக்கு முதல் நாள், கொட்டகலை பஜாரில், கரும்பும் மண்சட்டியும் வாங்க வந்த கூட்டத்துக்கு ஒதுங்கி நின்று கொழும்பு பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோதும் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் காம்பராவுக்கு யாரும் வந்திருக்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் இருந்த அந்த வீட்டை விட்டுப் பழனியாண்டி குடும்பம் ஹட்டனுக்குப் போய் ஒரு வருடமாகிறது. கதவில் பூட்டு, பூட்டில் துரு, வாசலில் அவள் மாமியார் சண்முகவடிவு அடுக்கிவைத்த விறகு. இவ்வளவுதான் அங்கே குடியிருந்தவை. ஆனால் புருசன் ‘வேற என்ன’ என்று இரண்டாம் தடவை கேட்டபோது, சொல்ல ஒன்றுமே இல்லாத மனைவியாக இருக்க அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணமான மறுமாதமே கொழும்புப் புறக்கோட்டைப் புடவைக்கடைக்குத் திரும்பிப் போனவன் அவன். பிறகு தீபாவளிக்கு வந்தான். வந்த நாட்களிலும் அம்மாவிடம்தான் அதிகம் பேசினான். இவளிடம் பேச வேண்டியதைத் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துப் பேசினான். நல்லவன், அதில் சந்தேகமில்லை. நல்லவனிடம் என்ன பேசுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“யாரு?” என்று அன்று போனில் கேட்டான் யோகேஸ்வரன். அதுவரை இல்லாத ஓர் அசைவு அவன் குரலில் இருந்தது.

“புருசன், பொஞ்சாதி, ஒரு பொம்பளப் புள்ள. ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல.”

“ஏன்?”

“தெரியல. கேட்டுச் சொல்றேன்.”

லயத்தில் கேட்டுச் சொல்வது ஒரு பெரிய காரியமில்லை. வீட்டையும் வீட்டையும் பிரிக்கும் சுவர் கூரைவரை போவதில்லை. சுதர்ஷினியின் ஒன்பதாம் காம்பராவில் மிளகாய் வறுத்தால் எட்டாம் காம்பராவில் தும்முவார்கள். யார் வீட்டில் சண்டை, யார் குழந்தைக்கு இருமல், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் சுவருக்கு மேலாகத் தானே வந்து இறங்கும். ஆகவே பக்கத்து வீட்டுச் சங்கதி இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோகேஸ்வரன் சந்தேகப்பட இடமே இல்லை. லயத்தில் சிக்னல் நிற்காமல் பேச்சு அறுந்து அறுந்து போனதால், விஷயத்தை எழுதி அனுப்பு, கடை பூட்டிய பிறகு வாசிக்கிறேன் என்றும் அவனே சொல்லிவிட்டான்.

அன்று மாலை அடுப்புக்கு முன்னால் குந்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்தை அவள் முதல் தடவையாக உற்றுக் கேட்டாள். ஒன்றுமில்லை. தகரத்தில் மழை. பிறகு மழைக்கு நடுவே ஒரு மனுசன் செருமினான். யாரும் செருமவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் நாற்பதைத் தொடாதவன், பேர் வீரய்யா, கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பவன் என்பதும் தெரிந்துவிட்டது. யார் சொல்லித் தெரிந்தது? அவள் கையில் இருந்த மாவு காய்ந்தது. கல்லில் கிடந்த ரொட்டி கருகி, மாமியார் முன்னறையிலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் அவள் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள்.

மறுநாள் மலையில் நிரை பிடித்துத் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது மனைவியும் வந்துவிட்டாள். ஜெயந்தினி. மெலிந்தவள், வைராக்கியக்காரி. மகள் பேர் தனுஜா, ஆறு வயது. கைகள் பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டன. அந்தக் கைகளுக்கு அவள் தேவைப்படவில்லை. இத்தனை நாள் அந்த நேரத்தில் அவள் மனம் எங்கே இருந்தது என்று யோசித்தாள். எங்குமில்லை. அட்டைக்கும் மழைக்கும் பயந்து சும்மா நின்றுகொண்டிருந்தது. இப்போது அது பத்தாம் காம்பராவுக்குள் போய், கால் மடித்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பகல் கொழுந்து நிறுவை முடிந்து மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, இவள் சிக்னல் கிடைக்கும் மேல்வளைவுப் பாறைக்கு ஏறிப்போய், ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் போனுமாக எழுதத் தொடங்கினாள்.

அந்தப் புருசனும் பொஞ்சாதியும் மகள் வழியாகத்தான் பேசுவார்கள். “ஒங்கப்பாவ தேத்தண்ணி ஆறுறதுக்கு முன்ன குடிக்கச் சொல்லு” என்பாள் அவள். “ஒங்கம்மாவ இதுல சீனி போட்டாளான்னு கேளு” என்பான் அவன். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு அடிதான் தூரம். தனுஜா மட்டும் அந்த இரண்டு அடியை நடந்து நடந்து சொல்லிவிட்டு வருவாள். ஒரு நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுதர்ஷினிக்கு ஒன்று பிடிபட்டது. அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி சொல்வதில்லை. கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று அப்பா சொன்னால், “அப்பா நல்லாருக்குங்கிறாரு” என்று அம்மாவிடம் போய்ச் சொல்கிறாள். சுதர்ஷினி பாறைமேல் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “புருசன் அங்கேருந்து கிச்சுகிச்சு மூட்டுறான்டி” என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு அவள் பாறைக்கு ஏறும்போதெல்லாம் வழியனுப்ப இந்த மாதிரி ஏதாவது ஒரு வாழ்த்து கிடைத்தது.

யோகேஸ்வரனின் பதில்களும் மாறின. முன்பு ‘ம்’, ‘சரி’, ‘சாப்பிட்டேன்’ என்று மூன்றே வகைதான். இப்போது, “அந்தாளு ஏன் அவ்ளோ வீம்பா இருக்கான்?” என்று கேட்டான். “எங்கப்பாவும் அம்மாவும் ஒரு தடவ இப்படித்தான் பேசாம இருந்தாங்க. நான்தான் நடுவுல,” என்று எழுதினான். அப்பாவைப் பற்றி அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் அதை மறுபடி மறுபடி வாசித்தாள். இல்லாத ஒரு வீட்டைக் காட்டியதற்கு, அவன் தன் வீட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறான்.

கார்த்திகை விளக்கன்று அவர்களைப் பேசவைத்துவிடலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பாவம், எத்தனை நாளைக்குத்தான்? காலையிலிருந்தே மனதுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள். வாசலில் விளக்கு வைத்துவிட்டு ஜெயந்தினி சோறு போடுவாள். தட்டை மகளிடம் கொடுக்காமல் தானே புருசனிடம் நீட்டுவாள். நீட்டி, ‘சாப்பிடுங்க’ என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும். பாறையில் உட்கார்ந்து, தட்டை நீட்டினாள் என்பதுவரை எழுதிவிட்டாள். அதற்கு மேல் விரல் போகவில்லை. மறுபடி முயன்றாள். ஜெயந்தினி தட்டை அவன் முன்னால் வைத்தாள், முந்தானையை உதறிக்கொண்டாள், வெளியே போய் மழையைப் பார்த்து நின்றுகொண்டாள். அவ்வளவுதான். ‘முடியாது’ என்று சொல்லவும் இல்லை. சுதர்ஷினியின் கைமயிர் சிலிர்த்து நின்றது. இவளை உண்டாக்கியவள் நான், சேலையின் நிறம்கூட நான் கொடுத்தது, இவள் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாளே. பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாத ஒன்று அவள் நெஞ்சில் ஏறி நின்றது. கீழே பள்ளத்தாக்கில் மூட்டம் விலகி, வெயில் ஒரு மலையைத் தொட்டு அடுத்த மலைக்குப் போனது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். அன்றைக்குத்தான் யாரோ அதை எழுதி வைத்தது போல இருந்தது. கணக்கப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு எழுந்து போனாள்.

மாமியாருக்கு விஷயம் தெரிந்ததும் அந்த வாரத்தில்தான். யோகேஸ்வரன் அம்மாவிடம் பேசக் கேட்டு, போனைக் கொடுத்தபோது, அவன் எடுத்த எடுப்பில், பக்கத்துக் காம்பராப் புள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டான். சண்முகவடிவு மருமகளைப் பார்த்தாள். மருமகளின் முகம் போன போக்கைப் பார்த்தாள். பூட்டிய கதவு இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்தாள். “இப்ப பரவால்லப்பா. கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தேன்,” என்றாள்.

போனை வைத்ததும் சுதர்ஷினி அழப் போனாள். மாமியார் விடவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாக, “இல்லாத புள்ளைக்கு நான் மருந்தே குடுத்துட்டேன். என்ன காச்சல்னாவது எனக்குச் சொல்லு,” என்றாள். சுதர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். மழையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தனுஜா காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் ஒன்று மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது, அதைத் தேடிக் கானோரமாக ஓடி நனைந்ததில் வந்த காய்ச்சல் என்று. மாமியார் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை மறந்தாள். “மத்தச் சப்பாத்து?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே, “என்ன புள்ள, அந்த வீம்புக்காரி இன்னக்கி என்ன செஞ்சா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எல்லாம் பொய்யென்று அடிமுதல் தெரிந்தவள் இப்படிக் கேட்பதுதான் சுதர்ஷினிக்குத் தாங்கமுடியாத ஆச்சரியமாக இருந்தது. தெரிந்தும் கேட்கலாமா? கேட்டால் குறைந்துபோகாதா? மாமியாரிடத்தில் குறையவில்லை. ஆனால் அம்மாவிடம் குறையாதது மகனிடமும் குறையாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? அவனிடம் கேட்க வேண்டிய ஒன்று அன்றிலிருந்து அவள் தொண்டையில் இருந்தது. பல தடவை அதை எழுதி, அனுப்பாமல் அழித்தாள். அவன் கோபித்துக்கொண்டால் மறுபடி ‘ம்’, ‘சரி’, ‘சாப்பிட்டேன்’ என்று ஆகிவிடும். பத்தாம் காம்பராவும் அன்றோடு இருண்டுவிடும்.

கொழும்பு பஸ் வந்து நின்றது. வீட்டுக்குப் போகுமுன், இங்கேயே, பஜாரிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் பொழுதோடு இறங்கி வந்திருந்தாள். யோகேஸ்வரன் இரண்டு பைகளோடு இறங்கினான். அவளைக் கண்டதும் சிரித்தான். கோப்பையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. அவள் முகத்தைப் பார்த்தே சிரித்தான். அவள் வாயைத் திறப்பதற்குள், “இரு, ஒன்னு காட்டுறேன்,” என்று பையைத் தரையில் வைத்து ஒரு பெட்டியை எடுத்தான். மூடியைத் திறந்தான். உள்ளே, மெல்லிய தாளுக்குள், ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. சிறியது.

“புள்ளைக்கு,” என்றான். “தனுஜாவுக்கு.”

அவள் பெட்டியையே பார்த்தாள். அவன்தான் பேசினான். கடை மாடியில் கூடத் தங்கியிருக்கும் பொடியன்களுக்கு அவளுடைய மெசேஜை அவன் தினமும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறானாம். முதலில் கிண்டல் பண்ணினார்களாம். இப்போது அவன் குளிக்கப் போனால்கூட விடாமல், வாசித்துவிட்டுப் போ என்கிறார்களாம். சப்பாத்து தண்ணீரில் போன இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்களாம். சேர்ந்து வாங்குவோம் என்று ஆரம்பித்தது அவர்களில் ஒருத்தன், பாஹிம். அவனுக்கும் ஆறு வயதில் ஒரு மகள், அவள் காலுக்கு அளவு பார்த்து எடுத்தது. ஹட்டனிலிருந்து போய்க் கடை வைத்த மஃறூப் முதலாளிகூட, காலையில் கல்லாவில் உட்காருமுன், “என்னடா, அந்த மனுசன் இன்னம் வாயத் தொறக்கலியா?” என்று கேட்கிறாராம். ஜெயந்தினிக்கென்று ஒரு சேலைத்துணியும் அவர் கொடுத்து விட்டிருக்கிறார்.

சுதர்ஷினி பெட்டியைக் கையில் வாங்கினாள். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கனம். ஒரு பாறைமேல் குந்தி, ரொட்டி பிடித்த கையோடு, ஒற்றை விரலால் தட்டிய எழுத்து. அது இந்த மலைகளை இறங்கி, கொழும்பு வரை போய், அவள் கண்ணால் காணாத மனுசர்களின் நெஞ்சுக்குள் நுழைந்து, ரப்பரும் துணியும் நாடாவுமாக, தூக்கினால் கனக்கிற ஒரு பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது. உள்ளே ஒரு பிள்ளையின் கால் நுழைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். கடவுளே, நான் என்ன செய்திருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் குற்றம் பாதி, கும்பிடு பாதி.

ஓட்டோவில் ஏறியும் அவளால் சொல்ல முடியவில்லை. சாரதி, யோகேஸ்வரனின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், தேயிலைக் காட்டுப் பாதை முழுக்க அரசாங்கத்தையும் பெற்றோல் விலையையும் ஏசிக்கொண்டு வந்தான்.

வீட்டில் அம்மாவைப் பார்த்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்ததும் யோகேஸ்வரன் பெட்டியை எடுத்துக்கொண்டான். “வெளிச்சம் இருக்கையிலே குடுத்துட்டு வந்துருவோம், வா,” என்று இறங்கிவிட்டான். சுதர்ஷினி பின்னாலேயே ஓடினாள். பத்தாம் காம்பரா நாலு எட்டுத்தான். அவன் விறகு அடுக்கின் முன்னால் நின்றான். பூட்டைப் பார்த்தான். துருவில் ஒரு சிலந்தி வலை கட்டி, வலையில் பனி பிடித்திருந்தது.

சண்முகவடிவு படியிலிருந்தே, “அவங்க ஊருக்குப் போயிட்டாங்கப்பா,” என்றாள். “மாத்தளப் பக்கம். அவசரமாப் போனாங்க. இனி வரமாட்டாங்க போல.”

எவ்வளவு எளிதான வாசல். மாமியார் அதை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சுதர்ஷினி தலையை ஆட்டினால் போதும். புருசன் ஏமாந்தவன் ஆகமாட்டான், கடைப் பொடியன்கள் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்துவிடுவார்கள், எல்லாம் சுமுகமாக முடியும். முடிந்தே போகும். வீரய்யா தன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்திருப்பான். ஜெயந்தினி இன்னும் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை மாத்தளைக்கே கொண்டுபோய்விடுவாள். அது என்ன வார்த்தை என்று சுதர்ஷினிக்கே இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே போவதா?

“இல்ல மாமி,” என்றாள். பிறகு புருசனைப் பார்த்து, “யாரும் வரவே இல்லைங்க. பழனியாண்டி மாமா போனதுலருந்து இந்தக் கதவு தொறக்கல,” என்றாள்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யோகேஸ்வரன், அவள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவன் போல நின்றான்.

“வீரய்யா?”

“இல்ல.”

“அந்தக் கொழந்த, அப்பா சொன்னத மாத்தி மாத்திச் சொல்லுமே?”

“இல்ல,” என்றாள். ஒவ்வொரு ‘இல்ல’யும் ஒரு விளக்கை ஊதி அணைப்பதாக இருந்தது.

“சப்பாத்து தண்ணில போனது?”

“அது மட்டும் எனக்கு நடந்தது. ரெண்டாம் வகுப்புல. காச்சல் வரல. அடிதான் விழுந்தது.”

அவன் பெட்டியைப் பார்த்தான். “அங்க எல்லாரும் கேப்பாங்க. புள்ள போட்டுப் பாத்துச்சா, சரியா இருந்துச்சான்னு. பாஹிம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். நான் என்னன்னு சொல்ல? எங்கப்பா கதையெல்லாம் ஒனக்கு எழுதினேனே சுதா. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல அத.” அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும். “என்னைய வச்சு விளையாடினியா?”

“விளையாடல,” என்றாள். “மொத நாள் சொல்ல ஒன்னுமில்லாமச் சொன்னது. அதுக்கப்புறம் நான் சொல்லல, அவங்களா வந்தாங்க. மலைல நிக்கயில வருவாங்க. நான் ஒன்னு நெனச்சா அவங்க ஒன்னு செய்வாங்க. அன்னக்கி அவ சோத்த வச்சுட்டு வெளிய போனா பாருங்க, நான் அப்படி எழுத நெனைக்கவே இல்ல. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.”

சொல்லச் சொல்ல அவள் குரலில் அழுகை போய், வேறொன்று ஏறிவிட்டது. பாறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தவளின் குரல் அது. யோகேஸ்வரன் நிமிர்ந்தான். கல்யாணத்தன்று மாலை போட்டபோதுகூட அவன் இவளை இப்படிப் பார்த்ததில்லை. அவள் கண்கள் அவன்மேல் இல்லை. பூட்டிய கதவின்மேல் இருந்தன, உள்ளே யாரோ நடமாடுவது தெரிகிற மாதிரி. அவனும் கதவைப் பார்த்தான்.

“அவ ஏன் பேசமாட்டேங்கிறா?” என்றான், மெதுவாக. கேட்டது தனக்கே பிடிக்காதவன் போல உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“எனக்கு இன்னும் தெரியல.”

பனி மலைச்சரிவில் ஏறி வந்தது. முதலில் கீழ்லயத்தின் கூரைகளை எடுத்துக்கொண்டது. பிறகு கானை, பிறகு கொய்யா மரத்தை. யாரோ ஒரு வீட்டில் பொங்கலுக்கு வாசல் மெழுகிய ஈரச் சாணத்தின் வாசனை மட்டும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. பத்தாம் காம்பராவின் முன்னால் அவர்கள் இரண்டு பேர்தான் மீந்தார்கள். அவன் போகவும் இல்லை, பெட்டியை அவளிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. இத்தனை நாள் எழுதி எழுதி அழித்தது அவள் தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன்,” என்றாள். “நீங்க கொழும்பு போனப்புறம் நான் மறுபடி எழுதுவேன். இல்லாதவங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே, என் கதைய வாசிக்கிறீங்களா?”